இரண்டு கட்டுகள், ஒரே கை

சின்னவள் தானாக முன்வந்து இஸ்திரிப்பெட்டியைக் கையில் எடுத்தபோதே பெரியவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் நாள் முழுக்கப் போர்வையும் தலையணை உறையும் தேய்த்துவிட்டு வருகிறவள் சின்னவள். வீட்டில் ஒரு துணி தேய்க்கச் சொன்னால், "பஸ் ஓட்டுறவர் வீட்டுக்கு வந்து ஹாலைச் சுத்தி பஸ் ஓட்டுவாரா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் காலை ஏழரை மணிக்கு மாமாவின் வேலைச் சட்டையை மேஜையில் விரித்து, தண்ணீர் தெளித்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, காலர் இப்படி விறைச்சுக்கிட்டு நிக்குது?" என்றார் மாமா. பெரியவளின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். எந்த வீட்டுச் சண்டையிலும் கட்சி சேராமல், சிரிக்க வைத்தே முப்பது வருடம் காலம் தள்ளியவர். "நான் லிஃப்டுக்கு கிரீஸ் போடப் போறேன். பொண்ணு பாக்கப் போகலை."

"நீங்க கிரீஸ் போடுங்க மாமா. பொண்ணு பாக்க வேற ஒருத்தர் வருவாரு."

"அப்படிப் போடு! எப்போ?"

"இன்னும் ஒம்பது நாள்." சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "அக்கா, ஒம்பதே நாள்."

"எங்கிட்ட சொல்லாதே," என்றாள் பெரியவள், டிபன் டப்பாவை மூடிக்கொண்டே. "அந்த விளையாட்டைப் பத்தி எதையும் எங்கிட்ட பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"பேரைச் சொன்னேனா? ஊரைச் சொன்னேனா? ஒம்பதுன்னு ஒரு எண்ணைச் சொன்னேன். எண்ணுக்குமா தடை?"

"என் பொண்டாட்டி ஒன்னு ரெண்டு எண்ணினாக்கூட நடுநிலையாத்தான் எண்ணுவா," என்றார் மாமா. "அவகிட்ட போய்..."

மூவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் மூவரும் சேர்ந்து சிரித்த கடைசிக் காலை அது.

'ஏழாம் துறை' என்பது இணையத்தில் நடக்கும் ஒரு கதை விளையாட்டு. கடலோரத்தில் ஒரு கற்பனைப் பட்டணம். முந்நூறு பேர் அதில் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு எழுதுகிறார்கள். ஒருவர் கப்பல் தலைவன், ஒருவர் உப்பு வியாபாரி, ஒருவர் காவல்காரன். ஒருவர் எழுதியதற்கு மற்றவர் பதில் எழுத, கதை நகரும். யார் எந்த ஊர், என்ன வயது, ஆணா பெண்ணா, எதுவும் ஒருவருக்கொருவர் தெரியாது. கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. இரண்டு வருடம் விடாமல் சேர்ந்து எழுதிய இருவர் ஆசைப்பட்டால் மட்டும், இருவரும் தனித்தனியாக, விளையாட்டை நிர்வகிக்கும் எழுத்தரிடம் மனுப் போடலாம். மனுவோடு மூடி வந்த விலாசங்களை உரிய நாள் வரை தானும் திறந்து பார்க்காமல் வைத்திருந்து, எழுத்தர் இவர் விலாசத்தை அவருக்கும், அவர் விலாசத்தை இவருக்கும் கொடுப்பார். அதற்குக் கதவு திறப்பது என்று பெயர். சின்னவளின் ஒன்பது நாள் அந்தக் கதவுக்குத்தான்.

அந்த விளையாட்டில் வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்ல மூன்று நடுவர்கள். ஒருவர் ஆந்தை, ஒருவர் நங்கூரம், மூன்றாமவர் தராசு. தராசு என்பது பெரியவள். ஒன்பது வருடமாக. தராசு தீர்ப்பு எழுதினால் தோற்றவனும் கைகூப்புவான் என்று அங்கே பேச்சு. சும்மா வந்த பேச்சில்லை. ஒரு முறை மாமா விளையாட்டாக உள்ளே நுழைந்து யானைப் பாகனாகப் பதிவு செய்துகொண்டார். கடல் பட்டணத்தில் யானைக்கு என்ன வேலை என்று எல்லோரும் கேட்க, யானையைக் கப்பலில் ஏற்றிக் கப்பலைக் கவிழ்த்துவிட்டார். மூன்று விதி மீறல். பதினோராம் நாள் தராசு பாகனை வெளியே தள்ளியது. "சொந்தப் புருஷன்னு தெரிஞ்சுமா?" என்று மாமா கேட்டதற்கு, "தெரியாமத்தான் தள்ளினேன். தெரிஞ்சிருந்தா எழுந்திருப்பேன். எப்படியும் நீங்க வெளியதான்," என்றாள்.

எழுவது என்பதும் அங்கே ஒரு விதி. வழக்கு வந்தால் எழுத்தர் இரு தரப்பு எழுத்தையும் பெயர்களை அழித்து, கட்டுக் கட்டாக நடுவர்களுக்கு அனுப்புவார். எழுத்தைப் படிக்கும்போதே இது இன்னார் கை என்று ஒரு நடுவருக்குத் தெரிந்துவிட்டால், அவர் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ள வேண்டும். கை தெரிந்தால் எழுந்துவிடு. ஒன்பது வருடத்தில் பெரியவள் நான்கு முறை எழுந்திருக்கிறாள்.

தங்கையும் அதே விளையாட்டில் சேர்ந்தபோது இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. நீ யாராக எழுதுகிறாய் என்று நான் கேட்க மாட்டேன், நீ சொல்லக் கூடாது. சின்னவள் அந்த வார்த்தையைக் காப்பாற்றினாள். அவள் அங்கே பாட்டுக்காரி என்ற பாத்திரம் என்பதோ, படகோட்டி என்ற பாத்திரத்தோடு சேர்ந்து இரண்டு வருடமாக எழுதுகிறாள் என்பதோ பெரியவளுக்குத் தெரியாது. தங்கை சில மாதங்களாகக் கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

கட்டு அன்று மதியமே வந்தது.

பெரியவளுக்கு வேலை, பல் செட் செய்யும் லேபில். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, மெழுகில் பல் வரிசை அடுக்கி, கடித்துப் பார்க்க முடியாத யாரோ ஒருவருக்குக் கடி சரிபார்க்கிற வேலை. மதியம் அச்சில் மாவு ஊற்றிவிட்டு அது இறுகும் வரை முக்கால் மணி நேரம் கிடைக்கும். ஜன்னலோர மேஜையில் சாப்பிட்டுக்கொண்டே செல்போனில் வழக்குப் படிப்பாள்.

புகார் சுருக்கமாக இருந்தது. கதையில் நடந்த ஒரு துறைமுகச் சண்டையில் தோற்ற ஒரு கப்பல் தலைவன் கொடுத்த புகார். 'என்னை எதிர்த்த இருவரும் ஒரே ஆள். ஒரே ஆள் இரண்டு பாத்திரமாக எழுதி ஒன்றுக்கு ஒன்று சாட்சி சொல்லிக்கொள்கிறார். ஒருவருக்கு ஓர் உயிர் என்ற விதியை மீறுகிறார்.' அந்தத் தளம் யார் எங்கிருந்து வருகிறார் என்ற குறிப்பு எதையும் சேர்த்து வைப்பதில்லை. எனவே எழுத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் கட்டு, இரண்டாம் கட்டு. ஒவ்வொன்றிலும் எழுபது பக்கம். ஒரு கையா, இரண்டு கையா? இதுதான் கேள்வி. எழுத்தர் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'ஆந்தை ஒரு கை என்கிறார். நங்கூரம் இரண்டு கை என்கிறார்.'

முதல் கட்டில் ஒன்பதாம் பக்கத்தில் பெரியவளின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

'வெயில் தும்மிக்கொண்டிருந்த மதியம்' என்று இருந்தது.

வெயிலோடு தூறல் விழுந்தால் வெயில் தும்முகிறது என்பது சின்னவள் நான்கு வயதில் சொன்னது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது. அம்மா சொல்வாள், அப்பா சொல்வார். வெளியே ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்படியானால் இது சின்னவள். எழுந்திருக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே விரல் தானாக இரண்டாம் கட்டைத் திறந்தது. முப்பதாம் பக்கத்தில், ஓர் ஆண் பேசுவதாக எழுதிய இடத்தில்:

'இன்று வெயில் இரண்டு முறை தும்மியது. உன்னைத்தான் நினைத்தேன்.'

பெரியவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பக்கத்து மேஜைக்காரி, "என்னக்கா, காரமா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள்.

நான்கு வருடத்துக்கு முன் சின்னவளின் புருஷன் வேலை விஷயமாக வெளியூர் போய், அங்கேயே வேறொரு வீட்டுக் குடும்பஸ்தனாகிவிட்டான். ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்த சின்னவள் மூன்று மாதம் தினமும் சொன்னாள்: இன்றைக்கு அவர் போன் பண்ணினார், சாப்பிட்டாயா என்று கேட்டார், அடுத்த வாரம் வருகிறேன் என்றார். ஒரு நாள் பெரியவள் அவள் போனை எடுத்துப் பார்த்தாள். மூன்று மாதத்தில் ஓர் அழைப்புகூட இல்லை. கேட்டபோது சின்னவள் அழவில்லை. "வீட்ல எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. ஏதாவது சொல்லணும்ல," என்றாள்.

மறுபடியுமா? இரண்டு வருடமாகத் தனக்குத்தானே எழுதிக்கொண்டு, தன்னைத்தானே காதலித்துக்கொண்டு, ஒன்பது நாளில் யார் வருவார் என்று அந்தச் சட்டையைத் தேய்த்தாள்?

எழுந்திருக்கலாம். எழுந்தால் மாற்று நடுவர் வருவார், அவர் இரண்டு கை என்று சொன்னாலும் சொல்வார், இந்தப் பொம்மைக் கல்யாணம் தொடரும். அதைவிட, தங்கை என்பதற்காகத் தராசு எழுந்து தப்பித்துக்கொண்டது என்ற எண்ணம் அவளையே உறுத்தியது. ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நீதி, என் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நீதியா? இப்படி ஒரு கேள்வியைத் தன்னிடமே கேட்டு, அதற்குத் தானே நெஞ்சை நிமிர்த்திப் பதிலும் சொல்லிக்கொண்டாள். இரண்டாம் கட்டில் மீதி நாற்பது பக்கம் இருந்தது. அதைப் படிக்கவில்லை. அதற்குள் மாவு இறுகிவிட்டிருந்தது.

வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே தீர்ப்பை எழுதினாள். தீர்ப்போடு காரணமும் எழுதி எல்லோரும் பார்க்கப் போடுவது அங்கே வழக்கம்.

'இரண்டு கட்டுகளும் ஒரே கை. இங்கே இருப்பவர் ஒருவர் மட்டுமே. மற்றவர், தனிமையில் இருக்கும் ஒரு மனம் தனக்காக எழுதிக்கொண்ட துணை. எது உருவம், எது நிழல் என்று சொல்வது நடுவரின் வேலையல்ல. படிப்பவருக்கு இரக்கம் வரலாம். விதி இரக்கப்படாது. இரண்டு பாத்திரங்களும் கடலில் விடப்படுகின்றன.'

கடலில் விட்டால் கணக்கு மூடப்படும், பக்கங்கள் மறையும், உள்ளே வர முடியாது. மூன்று நாளைக்குள் எழுத்தர் மூலம் நடுவர்களுக்கு ஒரே ஒரு கடிதம் எழுதலாம், கெடு முடிந்த பிறகுதான் அது அவர்கள் கைக்கு வரும். அவ்வளவுதான்.

மறுநாள் பெரியவளுக்கு வார விடுமுறை. காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சின்னவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். வேலைக்குப் போகும் சீருடை, ஆனால் தலை வாரவில்லை. கையில் போன்.

"இத நீயா எழுதினே?"

பெரியவள் கத்தியைக் கீழே வைத்தாள். "உக்காரு. பேசலாம்."

"நீயா எழுதினேன்னு கேக்கறேன்."

"ஆமா."

"தனிமையில இருக்கற மனம்," என்று சின்னவள் போனைப் பார்த்துப் படித்தாள். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "முந்நூறு பேர் படிக்கற இடத்துல. அக்கா, அது நான்னு உனக்குத் தெரிஞ்சுதா, தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"எப்போ?"

"ஒம்பதாம் பக்கத்துலயே."

"அப்போ ஏன் எழுந்திருக்கலை?"

பெரியவள் அந்தக் கேள்விக்குப் போகவில்லை. மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில் சொன்னாள். "இங்க பாரும்மா. நான் உன்னைத் திட்டலை. வெயில் தும்முறது உன் கட்டுலயும் இருக்கு, அந்தக் கட்டுலயும் இருக்கு. அது நம்ம வீட்டை விட்டா யாருக்குத் தெரியும்? நீயே எழுதி, நீயே பதிலும் எழுதி... முன்னாடி அந்த போன் கதை மாதிரி..."

"நான் சொல்லிக் கொடுத்தேன்." சின்னவள் சொன்னாள். "நான் எழுதினேன், அவருக்குப் புடிச்சிருந்துது, எடுத்துக்கிட்டாரு. மாமா நீ சொல்ற 'ஆகட்டும் பாக்கலாம்'ஐ இப்போ சொல்லலையா? அதுக்காக நீயும் மாமாவும் ஒரே ஆளா?"

சின்னவள் ஓர் அடி உள்ளே வந்தாள்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன். ஒத்துக்கறேன். ஒரு தடவை சொன்னா ஆயுசுக்கும் எனக்கு வர்றவங்க எல்லாருமே பொய்யா? அவரு கட்டுல படகுல தண்ணி ஏறுற இடம் படிச்சியா நீ?"

பெரியவள் நறுக்கிய காயைத் தட்டில் ஒதுக்கினாள்.

"படிக்கலை. தராசு படிக்கலை." பேச்சுக் கேட்டு வாசலுக்கு வந்து நின்ற மாமாவிடம் சின்னவள் போனை நீட்டினாள். பக்கங்கள் மறைந்துவிட்டன, ஆனால் பிடித்த இடங்களையெல்லாம் அவள் படமெடுத்து வைத்திருந்தாள். "மாமா, நீங்க படிங்க. சத்தமா."

மாமா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். படகில் தண்ணீர் ஏறி, இறைக்கிற பொறி நின்றுபோன இடம். படகோட்டி ஒரு நீளக் கம்பியின் ஒரு முனையைப் பொறியின் மேல் வைத்து, மறுமுனையைக் காதெலும்பில் அழுத்திக் கேட்கிறான். நல்ல சுழற்சி ஒரே சீராக முனகும், தேய்ந்தது பல்லைக் கடிக்கும், காற்றை உறிஞ்சினால் கூழாங்கல் உருள்கிற மாதிரி கேட்கும் என்று எழுதியிருந்தது. மாமா பாதியிலேயே படிப்பதை நிறுத்திவிட்டார். இரண்டாவது முறை வாய்க்குள்ளேயே படித்தார்.

"இது இவ எழுதலை," என்றார் பெரியவளிடம். சிரிக்க வைக்கும் குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "நான் மோட்டார் பேரிங்கைக் கேக்கறது இப்படித்தான், ஸ்க்ரூ டிரைவரை வெச்சு. இது புத்தகத்துல படிச்சு எழுதினது இல்லை. காதுல வெச்சுக் கேட்டவன் எழுதினது. தொழில்காரன்."

"இவளுக்கு நீங்க சொல்லிக் கொடுத்திருக்கலாம்ல?"

"வீட்ல என்னைக்கு நான் பேரிங்கைப் பத்திப் பேசியிருக்கேன்? பேச விட்டிருக்கீங்களா ரெண்டு பேரும்?"

சின்னவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவரு இருக்காருக்கா," என்றாள். "ஊரு கேக்கலை, பேரு கேக்கலை. ரெண்டு வருஷம். ஒரு நாள் அவரே வாய் தவறிச் சொல்லப் பாத்தாரு, நான்தான் வேண்டாம், விதி இருக்குன்னேன். எங்க அக்கா... தராசுன்னு ஒரு நடுவர் ரொம்பக் கண்டிப்புன்னு எழுதினேன். நான் அன்னைக்கு விதியை மீறியிருந்தா இன்னைக்கு அவர் நம்பராவது எங்கிட்ட இருந்திருக்கும்."

நறுக்கிய காய் தட்டிலேயே கிடந்தது. பெரியவள் நின்ற இடத்திலேயே எழுத்தருக்கு எழுதினாள். 'முதல் கட்டின் கை எனக்குத் தெரியும். என் தங்கை. நான் எழுந்திருக்க வேண்டும், எழவில்லை. இரண்டாம் கட்டை முழுவதும் படிக்கவும் இல்லை. தீர்ப்பு செல்லாது. இருவரையும் உடனே உள்ளே விடுங்கள்.'

எழுத்தர் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார். அவரும் யாரென்று யாருக்கும் தெரியாது. நல்ல மனிதர் என்பது எழுத்திலேயே தெரியும்.

'எழாத நடுவரின் தீர்ப்பு செல்லாது என்பது விதி. பாட்டுக்காரியின் கணக்கைத் திறந்துவிட்டேன். படகோட்டியின் கணக்கைத் திறக்க முடியவில்லை. நேற்று இரவே அவர் கடிதம் அனுப்பினார். கூடவே, தன் விலாசத்தையும் தன்னைப் பற்றிய எல்லாவற்றையும் அழித்துவிடும்படி கேட்டிருந்தார். ஒருவர் அப்படிக் கேட்டால் அன்றைக்கே அழிக்க வேண்டும். அழித்துவிட்டேன். என்னிடம் இப்போது எதுவும் இல்லை. மூன்று நாள் கழித்துத் தர வேண்டிய கடிதத்தை இத்துடன் வைக்கிறேன். மன்னியுங்கள்.'

பெரியவள் கடிதத்தைத் திறந்தாள்.

'தராசு அவர்களுக்கு வணக்கம். நான் முறையிட எழுதவில்லை. நன்றி சொல்ல எழுதுகிறேன். நான் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் பம்பு பார்க்கிறவன். வயது நாற்பத்தாறு. மனைவி இறந்து எட்டு வருடம் ஆகிறது. எழுத்தெல்லாம் எனக்கு வராது. இங்கே வந்துதான் எழுதப் பழகினேன். இரண்டு பேரில் ஒருவர்தான் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இருக்கிறேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியென்றால் இல்லாதது அவர்கள்தான். முதலில் நான் நம்பவில்லை. பிறகு எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தேன். நான் நினைப்பதை நான் சொல்வதற்கு முன்னால் அவர்கள் சொல்வார்கள். நான் சிரிக்கிற இடத்தில் சிரிப்பார்கள். ஒரு நாளும் என் மேல் கோபப்பட்டதில்லை. உண்மையான ஒரு பெண் எனக்கு எப்படி அப்படி அமைவாள்? நம் எழுத்தையே படித்து நம்மைப் போலவே பதில் எழுதும் இயந்திரங்கள் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அதுவோ, வேலையற்ற எவனோ. எதுவானாலும் ஏமாந்தது நான். வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பேன். சொன்னது நீங்கள். நீங்கள் வேண்டியவர், வேண்டாதவர் பார்ப்பதில்லை என்று அந்த... என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் கதவு திறக்கும் என்று வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தேன். பரவாயில்லை, வீட்டுக்கு நல்லதுதான். இனி இந்தப் பக்கம் வர மாட்டேன்.'

அந்தக் கடிதத்தைச் சின்னவளிடம் காட்டாமல் இருக்க ஒரு நொடி மனம் இடம் தேடியது. அவர் போய்விட்டார் என்று மட்டும் சொல்லிவிடலாம். பிறகு போனைத் தங்கையின் மடியில் வைத்தாள்.

சின்னவள் மெதுவாகப் படித்தாள். ஓரிடத்தில் மூக்கால் சிரித்தாள். "கோபப்பட்டதில்லையாம். கதையில அந்த மீன்வலைச் சண்டையப்போ நாலு நாள் பேசாம இருந்தேன். மறந்துட்டாரு." அடுத்த வரிக்குப் போனவள், அதற்கு மேல் சிரிக்கவில்லை.

"தண்ணி ஏத்துற ஸ்டேஷன்..." என்று மாமா ஆரம்பித்தார். "விசாரிச்சுப் பாக்கலாமா?"

"எந்த ஊர்ல மாமா? எந்த நாட்டுல?"

மாமா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார்.

"நீ ஒன்னு தப்பாப் புரிஞ்சுக்காதேக்கா," என்றாள் சின்னவள், போனை அக்காவிடம் திருப்பிக் கொடுத்து. "நீ எனக்கு எதிரா தீர்ப்பு சொன்னது எனக்கு வலிக்கலை. அவரு உன்னை நம்பினாரு பாரு. என்னை விட உன்னை. ஏன்னா உன்னை நம்பலாம்னு நான்தான் சொல்லி வெச்சேன்."

பெரியவள் அவள் தோளைத் தொட்டாள். சின்னவள் கையைத் தட்டிவிடவில்லை. துணி மேல் விழுந்த கை போல அது அங்கே கிடந்தது. பெரியவளே எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எட்டு நாள். சின்னவள் வேலைக்குப் போனாள், வந்தாள். மாலையில் அவளுடைய திறந்த பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உப்பு வியாபாரியும் காவல்காரனும் திரும்பி வந்ததற்கு வாழ்த்து எழுதியிருந்தார்கள். படகோட்டியின் பெயர் இருந்த இடத்தில் எதுவும் இல்லை.

ஒன்பதாம் நாள் காலை, லேபுக்குப் புறப்படும் முன், பெரியவள் ஏழாம் துறையின் முகப்புப் பலகையைத் திறந்தாள். அதில் எழுத நடுவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. கணக்கு இல்லாதவர்களும், வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவர்களும் படிக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். வர மாட்டேன் என்று சொன்ன மனிதன் ஒரு முறையாவது எட்டிப் பார்க்காமலா இருப்பான்?

எழுதினாள். தன் உண்மைப் பெயரை எழுதினாள். தன் வேலையை, ஊரை, தெருவை, வீட்டு எண்ணை எழுதினாள். 'படகோட்டிக்கு: நான் தராசு. நான் தவறிவிட்டேன். அவள் இருக்கிறாள். என் தங்கை. துணி தேய்க்கிற வேலை. நன்றாகக் கோபப்படுவாள். இந்த விலாசத்துக்கு வாருங்கள், அல்லது எழுதுங்கள்.' கீழே போன் நம்பரையும் போட்டாள்.

ஊர், பெயர், விலாசத்தைக் கதவு திறக்காமல் வெளியிடுவது அங்கே உள்ள விதிகளிலேயே பெரிய மீறல். அவளுக்கு அது தெரியும். அந்த விதியைக் கொண்டு பதினாறு பேரை வெளியே அனுப்பியிருக்கிறாள். ஆந்தையும் நங்கூரமும் அன்று ஒரே மனதாக இருந்தார்கள். யார் எழுதியது என்று பார்க்கவில்லை. பஸ் லேபை அடைவதற்குள் அவள் கணக்கு மூடப்பட்டது. அவள் எழுதியதெல்லாம், ஒன்பது வருடத் தீர்ப்புகளோடு சேர்ந்து, பலகையிலிருந்து அகற்றப்பட்டது. எழுத்தர் மட்டும் தனியாக இரண்டு வரி அனுப்பியிருந்தார். அது எத்தனை நிமிடம் இருந்தது, எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கு.

பெரியவள் லேபுக்குள் போகாமல் எதிர்ப் பக்கம் நின்று அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குத் திரும்பினாள். கூடத்தில் ஒரு பெட்டி கட்டி வைத்திருந்தது. ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள் தங்க அறை தருகிறார்கள், கேட்டிருக்கிறேன் என்று சின்னவள் இரண்டு நாள் முன்னால் மாமாவிடம் சொல்லியிருந்தாள். மாமா பெட்டியின் பிடியைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நன்றாகத்தான் இருந்தது.

"போட்டேன்," என்றாள் பெரியவள். "பலகையில. பேரு, விலாசம், எல்லாம். எடுத்துட்டாங்க. என்னையும் எடுத்துட்டாங்க."

சின்னவள் சீப்பைப் பல்லில் கடித்தபடி கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கொண்டையை முடித்து, சீப்பைக் கையில் எடுத்தாள்.

"எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"நாப்பது நிமிஷம்."

"எத்தனை பேர் பாத்தாங்க?"

"பதினேழு."

"பதினேழு," என்றாள் சின்னவள். கண்ணாடியைப் பார்க்காமலே சீப்பைப் பெட்டியின் ஓரத்தில் செருகி மூடினாள். "காலையில அந்நேரம் அவரு என்னைக்கும் எழுதினதில்லை, வேலை மாறுற நேரமா இருக்கும். போன் கையில இருக்காது."

"ஞாயித்துக்கிழமை வருவேல்ல?"

"பாக்கலாம்க்கா."

மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார். சின்னவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். பெரியவள் வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அது அடித்தது. இருவரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள்.

லேபிலிருந்து. ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார்கள்.